இடம் வாங்குமுன் அளந்து வாங்குங்கள்

ஒரு மூட்டை துவரம் பருப்பு கடையில் வந்து இறங்கினால், சீட்டில் எழுதியிருக்கும் எடையை நம்பி நாம் அடுக்கிவிடுவதில்லை. தராசில் ஏற்றிப் பார்க்கிறோம். அரைக் கிலோ குறைந்தாலும் மண்டிக்குப் போன் செய்கிறோம். அந்தத் தராசுக்கும் உரிய காலத்தில் முத்திரை போட்டு வைத்திருக்கிறோம். ஆனால் இருபது வருஷ உழைப்பைப் போட்டுக் கடைக்கோ கிடங்குக்கோ மனை வாங்கும்போது மட்டும், பத்திரத்தில் உள்ள அடிக்கணக்கை அப்படியே நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

நமக்குப் பழக்கமான ஓர் அரிசி வியாபாரி கிடங்கு கட்ட ஒரு மனை வாங்கினார். பத்திரத்தில் 40 அடிக்கு 60 அடி, ஆக 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு. வில்லங்கச் சான்று பார்த்தார். வக்கீல் கருத்துரையும் வாங்கினார். எதிலும் குறையில்லை. வானம் தோண்டி முடித்த மறுநாள் பின்மனைக்காரர் வந்து நின்றார். சர்க்கார் அளவர் வந்து அளந்ததில் முன்பக்கம் 40 அடி சரியாக இருந்தது. பின்பக்கம் 37½ அடிதான். வேலி தவறான இடத்தில் நின்றிருந்தது. குறைந்த இடம் 75 சதுர அடி. சதுர அடி 3,000 ரூபாய் என்று கொடுத்திருந்தபடியால் 2,25,000 ரூபாய் காற்றோடு போயிற்று. விற்றவரோ, “இருந்ததைத்தானே காட்டினேன்” என்று சொல்லிவிட்டார். வானத்தை மூடி மறுபடி தோண்டிய செலவும், லாரி திரும்ப இடமில்லாமல் போன சங்கடமும் தனி.

வக்கீல் பார்ப்பது வேறு, அளவர் பார்ப்பது வேறு

அந்த வக்கீல் மீது குற்றமில்லை. விற்பவருக்கு உரிமை உண்டா, கடன் உண்டா, பங்காளிகள் உண்டா என்பதைக் காகிதத்தைக் கொண்டு வக்கீல் சொல்வார். காகிதத்தில் உள்ள இடம் தரையில் எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை நில அளவர்தான் சொல்ல வேண்டும். இரண்டும் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்று எண்ணுவதே பெரும்பாலான தகராறுகளுக்கு வித்து.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பத்திரத்தில் பரப்பளவும் இருக்கும், நான்கு மாலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கு எல்லைகளுக்கே முதலிடம் கொடுக்கின்றன. “2,400 என்று எழுதியிருக்கிறதே” என்ற வாதம் மட்டும் நமக்குக் கைகொடுக்காது. பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவே. அதுவே கிரயப் பத்திரத்துக்கு ஈடாகாது.

சேகரிக்க வேண்டிய காகிதங்கள்

அளவரைக் கூப்பிடுமுன் கீழ்க்கண்டவற்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1. விற்பவரின் பத்திரமும், அதற்கு முந்தைய மூலப் பத்திரமும்.
2. பட்டா. நகரமானால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல்.
3. புலப்படம். எப்.எம்.பி. ஸ்கெட்ச் என்று சொல்வது இதைத்தான்.
4. பக்கத்து சர்வே எண்களின் புலப்படம்.
5. மனைப்பிரிவானால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம்.

பட்டாவையும் புலப்படத்தையும் இப்போது வருவாய்த்துறையின் இணையவழிச் சேவையில் கட்டணமின்றிப் பார்க்கலாம். நாலாவது காகிதத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் மனைக்குப் பக்கத்தில் வாய்க்காலோ, வண்டிப்பாதையோ, ரோடு புறம்போக்கோ இருந்தால் அதில்தான் தெரியும்.

நாம் வாங்குவது ஒரு சர்வே எண் முழுவதுமா, அதில் ஒரு பகுதியா என்பதையும் பார்க்க வேண்டும். பகுதியானால், உட்பிரிவு ஆகும்வரை புலப்படத்தில் நம் மனை தனியாகத் தெரியாது. பெரிய நிலத்தின் கோடுகள் மட்டுமே இருக்கும். இப்படிப்பட்ட இடத்தில் அளக்காமல் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதே.

அளவுக் கணக்கில் ஏமாற வேண்டாம்

பத்திரத்தில் சென்ட், பட்டாவில் ஏர், தரகர் வாயில் கிரவுண்டு என்று மூன்று மொழி நடக்கும். கணக்கு இதுதான்:

1 சென்ட் = 435.6 சதுர அடி
1 ஏக்கர் = 100 சென்ட்
1 கிரவுண்டு = 2,400 சதுர அடி (சுமார் 5½ சென்ட்)
1 ஏர் = 100 சதுர மீட்டர் = சுமார் 1,076 சதுர அடி
1 ஹெக்டேர் = 100 ஏர் = 2.47 ஏக்கர்

ஆகவே ஒரு கிரவுண்டு மனைக்குப் பட்டாவில் 2.23 ஏர் என்று இருக்க வேண்டும். 2.10 என்று இருந்தால் ஏனென்று கேட்க வேண்டும். குழிக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். அதை வைத்து விலை பேச வேண்டாம்.

பழைய புலப்படங்களில் நீளம் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு லிங்க்ஸ் 7.92 அங்குலம். படத்தில் 60 என்று இருப்பதை அடி என்று படித்துவிட்டால், 39.6 அடி இடத்தை 60 அடி என்று எண்ணி விலை பேசியவர்கள் ஆவோம்.

யாரை அமர்த்துவது?

மனை பிடித்திருக்கிறது, முன்பணம் கொடுக்குமுன் சரிபார்க்க வேண்டும் என்றால் அரசு உரிமம் பெற்ற நில அளவரையோ, அனுபவமுள்ள தனியார் அளவரையோ அமர்த்தலாம். ஓரிரு நாளில் வேலை முடியும். ஆனால் அவர் அளந்தது நம் தகவலுக்குத்தான்; பக்கத்துக்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அது அவரைக் கட்டுப்படுத்தாது.

எல்லையில் சந்தேகமோ வாக்குவாதமோ இருந்தால் சர்க்கார் அளவர்தான் வர வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்திலோ இணையவழியிலோ மனுச் செய்து கட்டணம் செலுத்த வேண்டும். பக்கத்து உடைமையாளர்களுக்கும் அறிவிப்புக் கொடுத்துத்தான் அளப்பார்கள். கிரயத்துக்கு முன் என்றால் பட்டாதாரர் பெயரில்தான் மனு போகவேண்டும்; ஆகவே விற்பவரைக் கொண்டு மனுச் செய்விப்பது நலம். “அளக்க வேண்டாம்” என்று விற்பவர் தட்டிக் கழித்தால் அதுவே நமக்கு ஒரு பதில்.

தனியார் அளவரை அமர்த்துமுன் நாலு கேள்வி கேட்க வேண்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் முன்பு அளந்திருக்கிறாரா? எந்தக் கருவி கொண்டு அளப்பார்? கையெழுத்திட்ட வரைபடம் தருவாரா? கூலியில் கல் நடுவதும் அடக்கமா? கூலியை மொத்தமாகப் பேசி, ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். விற்பவரோ தரகரோ அழைத்து வருபவரை அமர்த்தக் கூடாது. மிளகாய் விற்கிறவன் தராசில் மிளகாய் வாங்குவோமா?

அளக்கும் நாளில்

நாமே நேரில் நிற்க வேண்டும். பக்கத்து மனைக்காரர்களையும் மரியாதையாக அழைக்க வேண்டும். அன்று அவர்கள் முன்னிலையில் தீர்ந்துவிட்டால் பின்னால் கோர்ட்டுப் படி ஏற வேண்டியிராது.

அளவரிடம் முதல் கேள்வி, “எந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறீர்கள்?” என்பதுதான். வேலியிலிருந்தோ, பக்கத்துக் கட்டடச் சுவரிலிருந்தோ தொடங்கினால் அந்த வேலியின் தவறு நம் அளவிலும் ஏறிவிடும். ஏற்கெனவே நாட்டப்பட்ட, தகராறில்லாத சர்வே கற்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்கிடையே உள்ள தூரம் புலப்படத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நம் மனைக்கு வர வேண்டும். புலப்படத்தில் தூரத்து முனைகளை இணைக்கும் ‘ஜி’ லைன் என்ற கோடும், அதிலிருந்து ஒவ்வொரு முனைக்கும் செங்குத்துத் தூரமும் குறிக்கப்பட்டிருப்பது இதற்காகவே. ஒரு கல் காணாமற்போனாலும் மற்றவற்றைக் கொண்டு அதன் இடத்தை மறுபடி நிறுத்தலாம். செல்போனில் இடம் காட்டும் வசதியை இதற்கு நம்ப வேண்டாம்; அது பல அடி தள்ளிக் காட்டும்.

நான்கு பக்கமும் அளந்தால் போதாது. மூலைக்கு மூலையும் அளக்க வேண்டும். நான்கு பக்கமும் சரியாக இருந்தே மனை சாய்ந்திருக்கலாம். சாய்ந்தால் பரப்பு குறையும். சதுரமூலையாக உள்ள 40-க்கு 60 மனையில் மூலைவிட்டம் இரண்டும் சுமார் 72 அடி 1 அங்குலம் இருக்கும். இதை ஒரு டேப்பைக் கொண்டு நாமே பார்த்துவிடலாம். அளவரை அழைக்குமுன் ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

தெருவோர மனையானால் முன்பக்க எல்லையைத் தனியாகக் கேட்க வேண்டும். சாக்கடை மேல் போட்ட படியும் சாய்ப்பும் நம் இடத்தில் இருக்கிறதா, ரோடு புறம்போக்கில் இருக்கிறதா என்பது அன்று தெரிய வேண்டும். முன்பக்கம் நாலடி போனால் மளிகைக் கடைக்கு வியாபாரமே போகும். கட்டட அனுமதிக்கு விட வேண்டிய காலியிடமும் உண்மை எல்லையிலிருந்தே கணக்காகும்.

அளந்த பிறகு

முனைகளில் அன்றே கல் நட வேண்டும். சர்வே கற்களைப் பராமரிக்கும் கடமை நில உடைமையாளருடையது என்று 1923-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் சொல்கிறது. சர்க்கார் நாட்டிய கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் தண்டனைக்குரிய குற்றம்.

கிரய ஒப்பந்தத்தில், “அளந்து வரும் பரப்புக்கே சதுர அடி இன்ன விலை” என்று எழுதிக்கொள்ள வேண்டும். அளவு குறைந்தால் விலை தானே குறையும், சண்டை இல்லை. பத்திரத்தில் நான்கு மாலோடு நான்கு பக்க நீளத்தையும் எழுதி, அளவரின் வரைபடத்தையும் இணைக்க வேண்டும். கிரயம் முடிந்ததும் உட்பிரிவுடன் பட்டா மாறுதலைத் தள்ளிப்போடாமல் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே சொந்த மனை உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் இடத்தில் ஒருவர் சுவர் வைத்து, நம் உரிமையை மறுத்துத் தனக்கே சொந்தம் என்று 12 ஆண்டு வெளிப்படையாக அனுபவித்து வந்தால், 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி நாம் அதை மீட்கும் உரிமையை இழக்க நேரிடும். பக்கத்து மனையில் வேலை தொடங்குகிறது என்று தெரிந்தால் அன்றே நம் கற்களைப் போய்ப் பார்க்க வேண்டும்.

அளந்ததில் நம் சுவரே அடுத்தவர் இடத்தில் இருப்பதாகத் தெரிந்தால்? மறைக்க வேண்டாம். சுவர் எழும்புமுன் சொன்னால் ஒரு காபியில் முடிகிற விஷயம், எழும்பிய பிறகு பத்து வருஷ வழக்காகும். பக்கத்துக் கடைக்காரர் நமக்குச் சில்லறை மாற்றித் தருகிறவர், ஆபத்துக்கு முதலில் ஓடி வருகிறவர். ஒன்றரை அடிச் சுவருக்காக அவரை இழந்தால், அந்த நஷ்டத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

எடை போட்டு வாங்குவது நம் தொழில் தர்மம். மனைக்கும் அதுவே பொருந்தும்.