ஒரு நாளைக்கு ஒரு துணிச்சல் போதும்

புந்தோங், ஈப்போ

அன்புள்ள கவின்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயணத் திட்டத்தை நிதானமாகப் படித்தேன். மேலே 'ரிலாக்ஸ் டிரிப்' என்று தலைப்புப் போட்டிருக்கிறாய். கீழே காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை கட்டம் கட்டமாக வேலை. ஐந்து நாளில் நான்கு கடற்கரை, இரண்டு தீவு, ஒரு மலையேற்றம், நடுவில் 'ஓய்வு: 40 நிமிடம்'. தோட்டத்து வேலையில்கூட மத்தியானத்துக்கு மேல் ஆளை விட்டுவிடுவார்கள், தம்பி.

கோபித்துக்கொள்ளாதே. கருத்துச் சொல்லுங்கள் மாமா என்று நீதான் கேட்டாய். சொல்கிறேன்.

முதலில் பெரிய விஷயம். டிசம்பர் கடைசி வாரத்தில் பெர்ஹெந்தியான் போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். அந்த நேரத்தில் அங்கே யாரும் உங்களை வரவேற்கப் போவதில்லை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கடைந்துகொண்டிருக்கும். பெர்ஹெந்தியான், ரெடாங் பக்கம் தங்கும் விடுதிகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். கோல பெசுட்டிலிருந்து படகு ஓடினாலும் அது பயணமாக இருக்காது, பரீட்சையாகத்தான் இருக்கும். ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் போ. பவளப்பாறை பார்க்க, வாயில் குழாய் மாட்டிக்கொண்டு மீன்களோடு நீந்த, நம் நாட்டில் அந்தக் கரைதான் சரி. ஈப்போவிலிருந்து கிரிக், ஜெலி வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் காரிலேயே போகலாம். அந்தச் சடக்கில் இருட்டிய பிறகு மட்டும் ஓட்டாதே. யானை குறுக்கே வரும். ஹாரன் அடித்தால் ஒதுங்கிப் போகும் என்று நம்பாதே.

டிசம்பரில் கடல் வேண்டுமென்றால் மேற்குக் கரைக்கு வா. நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் நின்று அந்தக் காற்றை மறிக்கிறது. அந்தப் பக்கம் சுமத்ரா தீவு குறுக்கே கிடப்பதால் மலாக்கா நீரிணையில் பெரிய அலை எழும்பாது. மழை உண்டு. ஆனால் பெரும்பாலும் அது சொல்லிவைத்தாற்போல் மத்தியானத்துக்கு மேல் வரும். காலையில் வெயில் நிலத்தைச் சூடாக்கும், மேகம் திரளும், மூன்று நான்கு மணிக்கு இடி இடிக்கும். அதனால்தான் சொல்கிறேன்: துணிச்சலெல்லாம் காலையில், சோம்பலெல்லாம் மத்தியானத்தில். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று செய். அதை முழுசாகச் செய். மிச்ச நேரத்துக்குத் திட்டமே போடாதே.

பங்கோரைத்தான் சொல்லப்போகிறேன் என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். "அது பள்ளிக்கூடச் சுற்றுலா போகிற இடம் மாமா" என்று நீ முகம் சுளிப்பதும் இங்கிருந்தே தெரிகிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்காது, உண்மைதான். நீரிணையில் சேறு கலந்திருக்கும், அடிப்பாகம் தெளிவாகத் தெரியாது. பவளப்பாறைக்கு அது இடமில்லை. ஆனால் நீ கேட்டது சாவகாசமும் வேண்டும், கொஞ்சம் சாகசமும் வேண்டும் என்பதுதானே? அதற்கு அந்தத் தீவு பொருத்தம். சின்னது, பக்கத்தில் இருப்பது, மலையும் கடலும் ஒட்டிக் கிடப்பது.

வழியைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவிலிருந்து ஸ்ரீ இஸ்கந்தர், போத்தா, ஆயர் தாவார், சித்தியவான் தாண்டி லூமுட். ஒன்றரை மணி நேரம். காரில் வராவிட்டால் அமான்ஜெயா நிலையத்தில் பஸ் இருக்கிறது. லூமுட் படகுத்துறையிலிருந்து ஃபெரி அரை மணி நேரம் போல எடுக்கும். முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் அதுதான் பங்கோர் என்று அவசர அவசரமாக இறங்கிவிடுவார்கள். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள், அடுத்தது பங்கோர் பட்டணம். வெளியே வந்தால் பிங்க் நிற வேன்கள் வரிசையாக நிற்கும். ஏறுவதற்கு முன்பே விலையைப் பேசிக்கொள்.

தங்குவதற்கு தெலுக் நீப்பா. கடற்கரை மேற்கே பார்த்தது, முதுகுக்குப் பின்னால் காட்டு மலை. அதனால் விடிந்த பிறகும் கொஞ்ச நேரம் மணலில் நிழல் கிடக்கும். அந்த நேரத்தில்தான் கயாக் எடுக்க வேண்டும். எதிரே கூப்பிடு தூரத்தில் கியாம் தீவு. துடுப்புப் போடத் தெரியாதவன்கூடப் போய்விடலாம். அங்கேதான் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கேள். அதிகாலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். போகும்போது கயாக் தானாக வழுக்கிக்கொண்டு போகும், "அட, நமக்கு இவ்வளவு தெம்பா" என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்கும். போகிறபோது எவ்வளவு லேசாக இருந்ததோ திரும்புகிறபோது அவ்வளவு கனக்கும். பாதித் தெம்பை மிச்சம் பிடித்துக்கொண்டு திரும்பு. நீரோட்டத்தையும் கேட்டுக்கொள். இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம், தீவுகளுக்கு நடுவே தண்ணீர் இழுக்கும். எந்த நேரம் ஏறுகிறது, எந்த நேரம் வற்றுகிறது என்று கயாக் வாடகைக்கு விடுகிறவரைக் கேள். அவர் சொல்லத் தயங்கினால் அந்தக் கடையை விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போ.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது. உன் கூட்டாளிகள் எல்லாரும் நீந்தத் தெரியும் என்பார்கள். எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று கேள். கிந்தா வட்டாரத்துப் பிள்ளைகள் பாதிப்பேர் பழைய ஈயக் குட்டையில் குதித்துப் பழகியவர்கள். ஈயக் குட்டையே எத்தனையோ பிள்ளைகளை விழுங்கியிருக்கிறது. அதில் தப்பித்தவன் கடலில் நீந்தத் தெரிந்தவன் ஆகிவிடமாட்டான். 2020 ஜனவரியிலிருந்து பங்கோர் வரியில்லாத் தீவு, பீர் மலிவு. குடிக்கிறவன் குடிக்கட்டும், ராத்திரி குடிக்கட்டும். குடித்தவன் தண்ணீரில் இறங்கக்கூடாது, மோட்டார் எடுக்கக்கூடாது. இதை நான் சொன்னதாகவே அவர்களிடம் சொல். கிழவன் புலம்புகிறான் என்று சிரித்தாலும் பரவாயில்லை.

மோட்டார் என்றதும் ஞாபகம் வருகிறது. தீவை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சடக்கு இருக்கிறது. இரண்டாவது நாள் துணிச்சலுக்கு அதை வைத்துக்கொள். வடக்கே மலையேறி இறங்கும் இடத்தில் செங்குத்து, வளைவு, மழை பெய்திருந்தால் வழுக்கல். பி2 லைசன்ஸ் இல்லாதவனிடம் சாவியைக் கொடுக்காதே. விழுந்தால் இன்சூரன்ஸ் பைசா தராது.

இந்தக் கரையில் சொறிமீன் உண்டு, பெட்டி வடிவத்தில் இருக்கும் கொடிய வகை உள்பட. கொட்டினால் மணலைப் போட்டுத் தேய்க்காதே, நல்ல தண்ணீரால் கழுவாதே. வினிகரை ஊற்று, மூச்சுத் திணறினால் 999-ஐக் கூப்பிடு. சித்தியவானில் பத்து வெள்ளிக்குள் ஒரு பாட்டில் வினிகர் வாங்கிப் பையில் வைத்துக்கொள். மந்தியிடம் ஜாக்கிரதை. பிளாஸ்டிக் பையைப் பார்த்தாலே தீனி என்று பிடுங்கும். மணல் ஈ கடிக்காமல் இருக்கக் காலில் தேங்காய் எண்ணெய் தடவு.

சாயங்காலம் ஆறரை வாக்கில் தெலுக் நீப்பாவில் வெறுமனே உட்கார்ந்திரு. இருவாச்சிகள் காட்டிலிருந்து இறங்கி மின்கம்பியில் வந்து வரிசையாக உட்காரும். அலகுக்கு மேலே இன்னொரு அலகு வைத்தது மாதிரி மஞ்சளாக ஒரு கொண்டை. பறக்கும்போது இறக்கைச் சத்தம் தலைக்கு மேல் விசிறி சுற்றுவதுபோல் கேட்கும். காசு கொடுத்துப் போகிற எந்தப் படகுப் பயணத்திலும் இது கிடைக்காது. ஆளாளுக்கு ரொட்டித் துண்டை வீசுவார்கள். நீ வீசாதே.

இன்னொன்று கேட்கப்போகிறேன். பாட்டியைக் கூட்டிப்போ.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் காலமெல்லாம் மரம் சீவியவள் அவள். அவளுடைய அப்பா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறினார். பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரெஜாக் தீவு முகாமில் நாள் கணக்கில் அடைத்துவைத்துவிட்டுத்தான் வெளியே விட்டார்கள். வரும்போது பார்த்த கடல்தான் அவர் பார்த்த கடல். அதற்குப் பிறகு தீம்பாரும் லயமும் பால் ஸ்டோரும். கடல் ஐம்பது அறுபது கட்டை தூரத்தில்தான் இருந்தது, ஆனால் போக ஒரு நாள் சம்பளம் போகும். பாட்டி தெலுக் பாத்திக் கடற்கரைக்குத் தோட்டத்து லாரியில் போயிருக்கிறாள். கரையில் உட்கார்ந்து எல்லாருக்கும் புளிச்சோறு பிரித்துக் கொடுத்துவிட்டுக் கால்கூட நனைக்காமல் திரும்பியவள். பங்கோரில் பாசிர் போகாக் கடற்கரையில் தண்ணீர் வெகுதூரம் முழங்கால் அளவுதான் இருக்கும். காலை எட்டு மணிக்குக் கையைப் பிடித்து இறக்கிவிடு. அவளுக்கு அதுதான் சாகசம்.

அவளோடு போனால் தெலுக் கெடுங்கில் டச்சுக் கோட்டையைப் பார். ஈயத்தைச் சேர்த்துவைக்க 1670-இல் கட்டியது. 1690-இல் உள்ளூர்க்காரர்கள் தாக்கி விரட்டினார்கள். 1743-இல் டச்சுக்காரர்கள் திரும்ப வந்து சரிசெய்தார்கள், 1748-இல் விட்டுவிட்டுப் போனார்கள். இப்போது கூரையில்லாத நான்கு செங்கல் சுவர்தான். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரும்பாறை, அதில் ஒரு குழந்தையைப் புலி கவ்விப் போவதுபோல் கோடு கீறியிருக்கிறது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 1874 ஜனவரி 20-இல் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது இந்தத் தீவுக்கு அருகே நின்ற ஒரு வெள்ளைக்காரக் கப்பலில். அதன் வழியாகத்தான் வெள்ளைக்காரன் பேராக்கில் காலை ஊன்றினான். மூன்று வருஷத்தில் கோலகங்சாரில் கித்தாக் கன்று நட்டான். அன்று நட்டதில் ஒரு மரம் இன்னும் அங்கே நிற்கிறது. அப்புறம் அந்த மரத்தைச் சீவ நம்மாட்களைக் கப்பலேற்றினான். பாட்டி வாழ்க்கையின் முதல் வரியை எழுதியது அந்தத் தண்ணீரில்தான் என்று அவளிடம் சொல்லிப்பார். "அப்படியாடா" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணி எங்கே கிடைக்கும் என்பாள். உனக்காவது தெரிந்திருக்கட்டும்.

கடலைப் பார்த்தபடி இருக்கும் பத்ரகாளியம்மன் கோயிலுக்கும் அவளை அழைத்துப்போக வேண்டும், அது அவள் நிபந்தனையாக இருக்கும். மாசி மகத்தில் அங்கே கூட்டம் தாங்காது. டிசம்பரில் நிம்மதியாகக் கும்பிடலாம்.

செம்பிலான் தீவுகளில் ராத்திரி அலை நீலமாக மினுங்கும் என்று உன் பட்டியலில் இருக்கிறது. கேள்விப்பட்டது சரிதான், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கலங்கும்போது வெளிச்சம் விடுகின்றன. நிலா இல்லாத இரவில், வானிலை பார்த்து, விவரம் தெரிந்த படகோட்டியோடு போக வேண்டிய இடம் அது. பாட்டியோடு போகிற இந்தப் பயணத்தில் அதைச் சேர்க்காதே. மலையேற்றத்தையும் வெட்டு. சாகசத்துக்குப் பசி அடங்கவில்லை என்றால் கோலாலம்பூர் திரும்பும் வழியில் கோப்பேங்கில் இறங்குங்கள். கம்பார் ஆற்றில் ரப்பர்ப் படகு விடுகிறார்கள். பாறைக்குப் பாறை தூக்கிப்போடும். அந்த அரை நாள் பாட்டி என்னோடு இருக்கட்டும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விடுதிக்குக் கொட்டாதே, ஒரு சுத்தமான அறையும் மின்விசிறியும் போதும். மிச்சத்தை மீனுக்குச் செலவழி. ஒட்டுக்கடையில் சுட்ட மீனும் சூடாகச் சோறும் சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது பங்கோர் நெத்திலி வாங்கி வா, உன் அத்தை சொல்லச் சொன்னாள்.

ஆண்டு இறுதியில் தெலுக் நீப்பாவில் அறை கிடைப்பது கஷ்டம். இந்த வாரமே போன் போட்டு இரண்டு அறை பிடி, பாட்டிக்குக் கீழ்மாடி. கிளம்புவதற்கு முந்தின இரவு இங்கே வந்து தங்குங்கள். காலையில் பசியாறிவிட்டு, கம்போங் கச்சாங் பூத்தேயில் வறுத்த கச்சாங் வாங்கிக்கொண்டு எட்டு மணிக்குப் புறப்பட்டால் பத்து மணி ஃபெரியைப் பிடிக்கலாம். நாள் முடிவானதும் எனக்குச் சொல்வதற்கு முன்னால் பாட்டிக்குச் சொல். அவள் பை கட்ட ஒரு வாரம் எடுப்பாள்.

அன்புடன்,
உன் மாமா