நொய்ய காரா, பெருவலுக் காரா?

மோட்டார் வண்டியைப் பற்றி எழுதுதல் தமிழாசிரியர்க்கு அடுத்த தொழிலோ எனச் சிலர் முறுவலித்தல் கூடும். தேருக்குக் கொடிஞ்சி என்றும், ஆர் என்றும், அச்சு என்றும், நுகம் என்றும் உறுப்புத்தோறும் பெயர் வகுத்த மொழி நம் மொழி. அம்மொழியைக் கற்பிக்கும் யாம் இக்காலத்துத் தேரைப்பற்றி வாய் திறவாதிருத்தலே பொருந்தாதென்க. அன்றியும், இவ்வினாவை எம்மிடம் கொணர்ந்தவர் நம் கல்லூரியின் பழைய மாணவர். அவருக்கு யாம் எழுதிய விடையையே, உயர்தர வகுப்பு மாணாக்கர்க்கும் பயன்படுமாறு சற்று விரித்து, இம்மலரில் ஒரு பாடமாகத் தருகின்றோம்.

அவர் அவுஸ்திரேலியாவில் மெல்போண் நகரில் தொழில் புரிபவர். யட்டவத்தையின் மேடுபள்ளங்களிற் சைக்கிள் மிதித்துக் கல்லூரிக்கு வந்தவர். இன்று ஐம்பதை அணுகும் பருவத்தில், நெடுநாள் ஆசையொன்றை நிறைவேற்றப் பொருள் சேர்த்து வைத்துள்ளார். “ஐயா, இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மஸ்டா எம்.எக்ஸ்.5, சிறியது, இருவர் மட்டும் இருக்கலாம். மற்றையது போர்ட் மஸ்ராங். எட்டு உருளை எஞ்சின். எதை வாங்குவது?” என்பது அவர் வினா. கடிதத்தின் இறுதியில், தம் மைந்தனுக்குப் பதினெட்டு வயது நிரம்பியதென்றும், அவன் இப்பொழுதுதான் சாரதி அனுமதிப்பத்திரம் பெற்றானென்றும் போகிறபோக்கில் ஒருவரி எழுதியிருந்தார். எமக்கு அந்த ஒரு வரியே கடிதம் முழுவதினும் பெரிதாகத் தோன்றிற்று.

முதற்கண் இவ்விரு குலங்களின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். நொய்ய ஸ்போர்ட்ஸ் கார் பிரித்தானியாவிற் செழித்தது. 1945இல் வெளிவந்த எம்.ஜி. ரி.சி. என்னுங் காரின் எஞ்சின் 1250 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறத்தாழ 54 குதிரைவலுவுமே உடையது. ஆயின் அதன் நிறையோ 800 கிலோகிராமுக்கு உட்பட்டது. லோற்றஸ் கம்பனியை நிறுவிய கொலின் சப்மன் இக்கொள்கையை எல்லைவரை கொண்டு சென்றவர். வலுவைக் கூட்டுதலினும் நிறையைக் குறைத்தலே மேலென்பது அவர் துணிபு. 1957இல் அவர் வெளியிட்ட லோற்றஸ் செவினில் ஓடுதற்கு வேண்டாத பொருள் யாதொன்றும் இல்லையெனலாம். பிரித்தானியர் கைவிட்ட அம்மரபை யப்பானிய மஸ்டாவினர் 1989இல் எம்.எக்ஸ்.5 என்னும் பெயரால் மீண்டுந் தழைக்கச் செய்தனர்.

‘மசில் கார்’ என வழங்கும் பெருவலுக் கார் அமெரிக்கப் பிறப்பு. நடுத்தர அளவினதாகிய கார்க்கூட்டினுள் பெருங்காருக்குரிய எஞ்சினை வைப்பதே அதன் இரகசியம். 1964இல் பொன்ரியாக் ஜி.ரி.ஓ. 6.4 லீற்றர் எஞ்சினுடன் வந்தபோது இக்குலம் பெயர்பெற்றது. அவ்வாண்டு ஏப்பிரல் 17ஆம் நாள் நியூயோர்க் உலகக் கண்காட்சியில் மஸ்ராங் அரங்கேறிற்று. நேரிய நெடுஞ்சாலையும் மலிந்த பெற்றோலும் உள்ள நாட்டில் அவ்வகைக் கார் தோன்றியதில் வியப்பில்லை. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், காப்புறுதிக் கட்டண உயர்வு, 1973இன் எண்ணெய் நெருக்கடி ஆகியவை அக்குலத்தை ஒடுக்கின. எனினும் அது அற்றொழியவில்லை.

இனி நிறையின் இயல்பை ஆராய்வோம். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகப் பஞ்சரத பவனியைக் காணாத மாணாக்கர் நம்முள் அரியர். தேர் நேர்வீதியில் வருங்கால் வடம் பிடிப்போர்க்கே வேலை. வீதி திரும்பும் மூலை வந்ததும் வடம் பிடித்தோர் கை தளர்கின்றது. சில்லின்கீழ் முட்டுக்கட்டை இடுவோரே அப்போது தேரை ஆள்கின்றனர். பெருநிறையை ஓட்டுதல் எளிது. திருப்புதலும் நிறுத்துதலுமே அரிது. தேருக்கு உள்ள இவ்விதியே காருக்கும் உளது.

கணக்கால் இதனை நோக்குக. இயக்கப்பாட்டுச் சக்தி, திணிவின் பாதியை வேகத்தின் வர்க்கத்தாற் பெருக்கப் பெறுவது. 1000 கிலோகிராம் கொண்ட காரொன்று மணிக்கு 72 கிலோமீற்றர், அஃதாவது செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில் ஓடுமாயின், அதன் இயக்கப்பாட்டுச் சக்தி 2,00,000 யூல். 1700 கிலோகிராம் காருக்கு அதே வேகத்தில் 3,40,000 யூல். நிறுத்தும்போது இவ்வளவுஞ் சூடாகிப் பெரும்பாலும் பிறேக்கினுட் புகும். மலைச்சாலையில் இறங்குங்கால் நிலைமை இன்னுங் கடுமை. 300 மீற்றர் உயரம் இறங்குவதாகக் கொள்க: சிறிய கார் இழக்க வேண்டிய சக்தி ஏறத்தாழ 29 இலட்சம் யூல், பெரியது 50 இலட்சம். கண்டியிலிருந்து பலகடுவ வழியாக மாத்தளைக்கு இறங்கும் லொறிச் சாரதிகள் தாழ்ந்த கியரிற் பொறுமையாக வருவதன் காரணத்தை அவரைக் கேளாமலே இக்கணக்கினால் அறியலாம்.

ஈண்டு மாணாக்கர் பலர் வழுக்கும் இடமொன்று உண்டு. ‘நொய்ய காரே வளைவில் விரைவாகத் திரும்பும், ஏனெனில் அதன் திணிவு குறைவு’ என எழுதுவர். விதியை எழுதிப் பார்க்க. வளைவில் ஓடும் பொருளுக்கு வேண்டிய மையநாட்ட விசையிலுந் திணிவு உளது; அவ்விசையைத் தரும் உராய்விலுந் திணிவு உளது. இருபுறமும் நிற்றலின் அஃது அடிபட்டுப்போம். உராய்வுக் குணகம் 0.7 எனவும், வளைவின் ஆரை 20 மீற்றர் எனவுங் கொண்டால், வழுக்காது செல்லத்தக்க உயர்ந்த வேகம் மணிக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர். இது மஸ்ராங்குக்கும் ஒன்றே. மாட்டுவண்டியை அவ்வேகத்தில் ஓட்ட வல்லார் உளராயின் அதற்கும் ஏறத்தாழ ஒன்றே. அவ்வாறாயின் நொய்ம்மையாற் பயன் என்னை? ரயரின் பிடிப்புப் பாரத்திற்கு நேர்விகிதத்திற் கூடுவதன்று. பாரம் ஏறுந்தோறும் குணகஞ் சிறிது சிறிதாகக் குறைகின்றது. மேலும் பெரிய எஞ்சின் முன்புறத்தே கனத்துக் கிடப்பின், கார் திரும்புதற்கும் திரும்பியபின் நேராதற்கும் மறுக்கும். எம்.எக்ஸ்.5 முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமநிறையாக அமைக்கப்பட்டது. கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் வழியிலுள்ள பதினெட்டு வளைவுகளில் ஒருமுறை சென்றார்க்கு இவ்வேறுபாட்டைச் சொல்லித் தெரிவிக்க வேண்டுவதில்லை.

கணக்கு ஒருபுறமிருக்க, இவ்விரு குலமும் களத்தில் எதிர்நின்ற வரலாறு நம் மாணவர் வாழும் அவுஸ்திரேலியாவிலேயே உளது. நியூ சவுத் வேல்சில் பதர்ஸ்ற் என்னும் ஊரில் பனோரமா மலையைச் சுற்றி ஓடும் வீதியொன்று 1938இல் திறக்கப்பட்டது. சுற்று ஒன்று ஏறத்தாழ 6.2 கிலோமீற்றர், அடிக்கும் முடிக்கும் உயரவேறுபாடு 174 மீற்றர். ஒருபுறம் ஏற்றம், உச்சியில் நெருங்கிய வளைவுகள், பின்னர் ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நேரிய இறக்கம். கடையில் விற்கும் காரையே கொண்டு 500 மைல் ஓடும் பந்தயம் 1963 முதல் அங்கு நடைபெற்றது. 1966ஆம் ஆண்டு 1275 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடைய சின்னஞ்சிறு மினி கூப்பர் எஸ். கார்கள் முதல் ஒன்பது இடங்களையும் கவர்ந்தன. முதலிடம் பெற்றவர் றௌனோ ஆல்ற்ரோனனும் பொப் ஹோல்டனும். சிறியவர் வென்றனர் எனப் பலருங் கொண்டாடினர்.

அடுத்த ஆண்டே கதை மாறிற்று. 4.7 லீற்றர், எட்டு உருளை எஞ்சினுடன் போர்ட் பல்கன் ஜி.ரி. 1967இற் களம் புகுந்தது. ஹரி பேர்த், பிரெட் கிப்சன் இருவரும் அதனை ஓட்டி வென்றனர். ஏற்றத்திலும் நேர்வழியிலும் வலு பெற்றுத் தந்த நேரம், உச்சி வளைவுகளில் நொய்ம்மை மீட்டுத் தந்த நேரத்தினும் மிகுந்தது. 1968இல் ஹோல்டன் மொனாரோ வென்றது. அதன்பின் மினி அம்மலையில் முதலிடம் பெற்றதில்லை. ஆகவே ‘நொய்ம்மையே என்றும் வெல்லும்’ என்று கூறுவார் 1966ஐ மட்டும் படித்தவராவர். 1964ஆம் ஆண்டு மொன்ரி கார்லோப் பந்தயத்தில் பாடி ஹொப்கேர்க் மினியில் வென்றதையும் அன்னார் எடுத்துக்காட்டுவர். அங்கு இரண்டாம் இடம் பெற்ற எட்டு உருளைப் போர்ட் பல்கனே சிறப்புக் கட்டங்களில் விரைந்தோடியது. சிறிய எஞ்சினுக்குச் சலுகை தரும் புள்ளிமுறை மினிக்குத் துணை நின்றது. ஹொப்கேர்க்கின் திறமையை யாம் குறைத்துக் கூறவில்லை. பனிபடர்ந்த மலைவழியில் தன்னினும் நான்கு மடங்கு பெரிய எஞ்சினைத் தொடர்ந்து நெருங்கி ஓடியதே பெருமை. எனினும் சான்று காட்டுவார் முழுச் சான்றையும் காட்டல் வேண்டும்.

பதர்ஸ்ற் வெற்றிகள் பின்னர் வேறொரு விளைவைத் தந்தன. பந்தயத்தில் வெல்வதற்காகக் கம்பனிகள் ஆண்டுதோறும் வலுக்கூடிய கார்களைக் கடைக்கு அனுப்பலாயின. 1972இல், மணிக்கு 160 மைல் ஓடவல்ல கார்கள் பொதுவீதிக்கு வரப்போகின்றன எனச் சிட்னிப் பத்திரிகையொன்று முதற்பக்கத்தில் முழங்கிற்று. இளைஞர் உயிரைக் குறித்த அச்சம் எழுந்தது; அரசினரும் தலையிட்டனர்; கம்பனிகள் தாம் வகுத்திருந்த புதிய பெருவலுக் கார்களைக் கைவிட்டன. பத்திரிகை மிகைப்படுத்தியது என்பாரும் உளர். எவ்வாறாயினும், பந்தயச் சாலையில் வெற்றிதரும் பொருள் ஊர்ச்சாலையிலும் நன்மை தரும் என்பது பெறப்படாது.

இனி எம் மாணவரின் மைந்தனுக்கு வருவோம். விக்ரோரியா மாநிலத்துச் சட்டம் எமக்கு மிகவும் உவப்பானது. அது காரின் பெயரைக் கேளாது விகிதத்தைக் கேட்கின்றது. தகுதிகாண் பருவத்துச் சாரதி, ஒரு தொன்னுக்கு 130 கிலோவாற்றுக்கு மேற்பட்ட வலுவுடைய காரை ஓட்டலாகாது. 2015இல் வந்த மஸ்ராங் ஜி.ரி.க்கு 306 கிலோவாற்று; நிறை ஏறத்தாழ 1.7 தொன். வகுத்தால் 180. அவ்வாண்டில் வந்த எம்.எக்ஸ்.5இன் 2 லீற்றர் வகைக்கு 118 கிலோவாற்று. நிறை ஏறத்தாழ 1.03 தொன். வகுத்தால் 115. ஒன்று வரம்பைக் கடந்தது. மற்றது வரம்பினுள் நிற்பது. தகுதிகாண் பருவமோ நான்கு ஆண்டு. முதலாண்டில் 16 முதல் 21 வயது வரையுள்ள தோழர் ஒருவருக்கு மேல் ஏற்றலும் ஆகாது. இரண்டே இருக்கையுள்ள கார் இவ்விதியைத் தானே காக்கும். இளைஞனைக் காவல் செய்தல் வேண்டாம்.

‘மைந்தனுக்குத் திறவுகோலைக் கொடேன்’ எனத் தந்தையார் எழுதினார். பதினெட்டு வயது மைந்தனும் ஆணியில் தொங்குந் திறவுகோலும் ஒரே வீட்டில் இருக்கையில் இவ்வுறுதியின் பெறுமதியை ஆசிரியத் தொழிலில் இருபதாண்டு கழித்த எம்மிடம் கூறுதல் வீண்.

நொய்ய காருக்கு மாறான வாதத்தையும் மறைத்தல் நேர்மையன்று. 1000 கிலோகிராம் காரும் 1700 கிலோகிராம் காரும் நேருக்கு நேர் மோதின், சிறிய காரின் வேகமாற்றம் பெரியதினதைப் போல் 1.7 மடங்கு. அதனுள் இருப்பவரே மிகுதியும் தாக்குண்பர். காற்றுப்பையும் வலிய கூடும் இக்குறையைத் தணிக்கும், நீக்கா. அன்றியும் மெல்போணிலிருந்து சிட்னிக்கு ஏறத்தாழ 880 கிலோமீற்றர் நெடுஞ்சாலையில் மனைவி மக்களுடன் செல்வார்க்கு மஸ்ராங்கே இன்பந் தரும், எம்.எக்ஸ்.5இல் மக்களுக்கு இடமே இல்லை.

ஈழத்தில் இருக்கும் பழைய மாணவர் சிலரும் இதே ஆசையுடையோர் என அறிவோம். அவர்க்கு வழி இன்னுங் குறுகியது. இங்குப் பெற்றோல் எஞ்சினுக்குரிய தீர்வை கன சென்ரிமீற்றர்க் கணக்கில் அறவிடப்படுவது. 5 லீற்றர் எஞ்சினை நினைத்தாலே பணப்பை நடுங்கும். 2022 யூலையில் எரிபொருள் அனுமதி முறை வந்தபோது காரொன்றுக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்தது. அந்நாளில் எட்டு உருளை என்ன செய்திருக்கும் என்பதை வாசகர் எண்ணிக் கொள்க. நகர்ப்புறத்துக்கு வெளியே வேக எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். கார் ஓட்டத்தைக் காண விழைவார் ஏப்பிரலில் நுவரெலியா சென்று, 1934இல் தொடங்கிய மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைக் காணலாம். அங்குச் சிறு கார்களும் சிறு கார்களோடு வகுப்புவாரியாகப் பொருதும்.

எம் துணிபு எம்.எக்ஸ்.5 என்பதே. வளைவில் அது மாயஞ் செய்யும் என்பதற்காக அன்று. மைந்தன் ஒருநாள் திறவுகோலை எடுத்தே தீர்வான், அன்று அவன் காலடியில் 118 கிலோவாற்று இருப்பது 306 இருப்பதினும் நன்று என்பதற்காக. ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் மயிலிறகையும் வண்டியச்சையும் ஒருங்கு வைத்ததை அவருக்கு நினைவூட்டினோம். தந்தையார்க்கு எட்டு உருளை ஆசை தீராதாயின், மைந்தனின் நான்காண்டு கழிந்தபின் வாங்கலாம். அதுவரை வாடகைக்கு எடுத்து ஒருநாள் ஓட்டிப் பார்த்தலும் உண்டு.

பழைய எம்.எக்ஸ்.5 வாங்குவாராயின் கதவின் கீழுள்ள தகட்டில் துரு ஏறியுளதா என முதலிற் பார்க்க. பின்னர் நான்கு ரயர்களையும் பார்க்க. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றிருப்பின் அந்த ரயர் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது. இலக்கம் பழையதாயின், மேலே வரிப்பள்ளம் எத்துணை ஆழமாக இருப்பினும், புதிய ரயரின் விலையைக் காரின் விலையிற் குறைத்துக் கேட்க.