படச்சுருளும் டிஸ்கும்

நாம் பார்த்த பழைய சினிமாவுக்கு எவ்வளவு நீளம் தெரியுமா? 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். பேசும்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓட வேண்டும். அப்படியானால் நிமிடத்திற்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படத்திற்கு 13,500 அடி! தகரப் பெட்டிகளில் அடைத்து ரயில் பார்சலில் அனுப்புவார்கள். இன்று அதே படம் உள்ளங்கையளவு ஹார்டு டிஸ்கில் வந்துவிடுகிறது.

சுருளில் ஒளி வெள்ளி உப்பின் மீது பதிகிறது. பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்கத் தெளிவு குறையும். டிஜிட்டலில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் ஓர் எண். எண்களைப் பிழையின்றி நகலெடுத்தால் ஆயிரமாவது பிரதியும் மூலத்தைப் போலவே இருக்கும். கறைகளையும் கீறல்களையும் கம்ப்யூட்டரில் நீக்கலாம். 1964ல் வெளிவந்த 'கர்ணன்' இவ்வாறு சீரமைக்கப்பட்டு 2012ல் மீண்டும் திரைக்கு வந்தது. நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' மௌனப் படத்திற்கோ ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சுருள் மெல்ல மங்கும். நமக்கு அவகாசம் கிடைக்கும். டிஸ்க் ஒரே நாளில் நின்றுவிடலாம். என் மகளின் திருமண வீடியோ அப்படித்தான் போயிற்று. என் தாயாரின் குரல் அதில் மட்டுமே இருந்தது. ஒரே டிஸ்கில் வைத்திருந்தது என் தவறு.

ஆகவே, ஊருக்குப் போகும்போது பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை இங்கேயும் மற்றதை ஊரில் உறவினர் வீட்டிலும் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை திறந்து பாருங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அதை எந்தக் கம்ப்யூட்டராலும் பிறகு சொல்ல முடியாது.