குழுவில் வாய் திறவாதவர்கள்: இளம் அரங்கக் கலைஞருக்கு ஒரு கடிதம்



இணையவழிக் கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளாகும் பதின்வயதினருக்காக நாடகம் தயாரிக்க முனைவோர் பலர் பிரேசில் நாட்டு அரங்கியலாளர் அகஸ்தோ போவாலின் வழியையே நாடுகின்றனர். 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' என்று அவர் பெயரிட்ட முறையின் ஒரு கிளையான மன்ற அரங்கு, 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் அவர் பணியாற்றிய காலத்தில் உருப்பெற்றது. தீர்வின்றி முடியும் குறுநாடகம் ஒன்று முதலில் முழுமையாக நடிக்கப்படும். மறுமுறை நடிக்கப்படும்போது பார்வையாளர் எவரும் 'நிறுத்து' என்று குரல் கொடுத்து மேடையேறி, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு வழியொன்றை நடித்துப் பார்க்கலாம். எத்தரப்பும் சாராமல், விடை சொல்லாமல், வினாக்களால் மட்டுமே ஆட்டத்தை நகர்த்துபவரைப் போவால் 'ஜோக்கர்' என்றழைத்தார்.

நிலவுடைமையாளர், முதலாளி, காவலர் என ஒடுக்குபவர் எதிரே நிற்கும் களத்தில் வளர்ந்த இம்முறையை வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு அப்படியே பொருத்த இயலாது. அங்கே கேலியைத் தொடங்கியவர் ஒருவராக இருப்பினும், அதற்கு வலுவூட்டுவது சிரிப்பு ஸ்டிக்கர் போடும் சிலரும், படித்துவிட்டு எதுவும் எழுதாத பலருமே. ஆகவே காட்சியமைப்பிலேயே அந்தப் பலரையும் கண்ணுக்குப் புலப்படுத்துவது நன்று. மேடை நடுவே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டுப்பாடம் எழுதுகிறாள். விளையாட்டு விழாவில் எடுக்கப்பட்ட அவளது படம் கேலி வாசகத்தோடு குழுவில் விழுகிறது. பார்வையாளரிடையே அமர்ந்திருக்கும் நடிகர்கள் கைப்பேசி வெளிச்சம் முகத்தில் பட எழுந்து நின்று ஒவ்வொரு செய்தியையும் உரக்கச் சொல்ல, அவளுடைய தோழி உட்பட வேறு சிலர் எழுந்து நின்றும் பேசாதிருக்கின்றனர். அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறாள், மீண்டும் எடுக்கிறாள். அடுக்களையிலிருந்து "சாப்பிட வாடி" என்று அம்மா இருமுறை அழைத்தும் அவள் எழவில்லை.

மாணவர்கள் முதலில் முன்வைப்பது 'பிளாக் செய்', 'குழுவிலிருந்து வெளியேறு' என்பனவாகவே இருக்கும். அவற்றைத் தவறென்று ஜோக்கர் தள்ளிவிடலாகாது. அவள் வெளியேறிய பின்னும் குழுவில் பேச்சு தொடர்வதையும், மறுநாள் காலை வகுப்பில் அது காத்திருப்பதையும் நடிகர்கள் நடித்துக் காட்டினால் போதும். கேலி செய்தவன் திடீரென மனந்திருந்தும் தீர்வைப் போவால் மரபு 'மாயம்' என்று ஒதுக்குகிறது; அது நடக்கக்கூடியதா என்று அரங்கத்தினரையே கேட்பது முறை. துன்பப்படுபவளே துணிந்து தீர்வு காண வேண்டும் என்ற சுமையை ஏற்றாமல், பேசாது நின்ற தோழியின் இடத்துக்கு மாணவர்களை அழைப்பதில்தான் இந்நாடகத்தின் பயன் பெரிதும் அடங்கியுள்ளது. ஒரு மாணவர் தோழியாகி "நிறுத்துங்கடா" என்று எழுதினால் கேலி அவர்மீது திரும்பலாம். இன்னொருவர் மாணவியைத் தனியே அழைத்துப் பேசலாம். வேறொருவர் முதலில் இருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு மூவராக எழுதலாம். மூன்றையும் அடுத்தடுத்து நடித்துப் பார்க்கையில், தனிக்குரலுக்கும் கூட்டுக்குரலுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் தாமே கண்டுகொள்கின்றனர்.

கதை ஒருபோதும் நாடகம் நடத்தப்படும் பள்ளியில் நடந்ததாக இருத்தலாகாது. 'இப்படி யாருக்கு நேர்ந்தது?' என்று கைதூக்கச் சொல்வது கொடுமை, ஏனெனில் கேலி செய்தவரும் அதே அரங்கில் அமர்ந்திருக்கக்கூடும். நாடகம் முடிந்து எவரேனும் தனியே வந்து பேசினால், 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்ற வாக்குறுதியைக் கலைஞர் தரலாகாது. ஏனெனில் சிறார்மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிப்பதை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கடமையாக்கியுள்ளது. சிறாரைப் பாலியல் நோக்கில் காட்டும் படத்தைச் சான்று என்ற பெயரில்கூடப் பிறருக்கு அனுப்பலாகாது. சிறார் உதவி எண் 1098 நாடக முடிவில் மாணவர் அனைவருக்கும் சொல்லப்பட வேண்டும். ஆற்றுப்படுத்துநர் ஒருவர் உடனிருப்பது இன்றியமையாதது.

ஒரு நாள் வந்து நடித்துவிட்டுப் போவதால் பயன் குறைவு. மேற்கு வங்கத்தில் 1985 முதல் இயங்கிவரும் ஜன சன்ஸ்கிருதி நாடகக் குழு ஒரே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பச் செல்வதைத் தன் வழக்கமாகக் கொண்டுள்ளது. பள்ளிக்கு இரண்டாம் முறை செல்லும்போது பெற்றோரையும் ஆசிரியரையும் அழைத்து அதே நாடகத்தை நடத்துவது சிறப்பு. அம்மாவின் இடத்தில் நிற்கும் பெரியவர் எவரேனும் முதல் வேலையாகக் கைப்பேசியைப் பறித்துக்கொள்வாரானால், ஜோக்கர் அங்கேயே ஆட்டத்தை நிறுத்தி, அடுத்த முறை இப்படி நேர்ந்தால் அந்தப் பெண் வீட்டில் சொல்வாளா என்று மாணவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் விடையைப் பெரியவர்கள் கேட்கும்படி செய்ய வேண்டும்.