அச்சேறாத கதை

1996ஆம் ஆண்டு நான் ஜாசினில் நான்காம் படிவ மாணவி. ஆண்டு இறுதி விடுமுறையில் ஒரு சிறுகதை எழுதினேன். பால்மரத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மரம் சீவி ஓய்வு பெற்ற என் பாட்டியை மனத்தில் வைத்து எழுதிய கதை அது. கோடு போட்ட தாளில் பன்னிரண்டு பக்கங்கள். அழகான கையெழுத்தில் படியெடுத்து, ஒரு வார இதழுக்கு அஞ்சலில் அனுப்பினேன்.

அடுத்த வாரமே பேருந்து நிலையத்துக்கு அருகிலிருந்த கடைக்குப் போய் நின்றேன். இதழ் வாங்கக் காசு இல்லாத வாரங்களில் நின்றபடியே பக்கங்களைப் புரட்டுவேன். என் பெயர் இருக்காது. முதலில் இரண்டாம் பக்கத்திலிருந்து தேடியவள், பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து தேடத் தொடங்கினேன். திசையை மாற்றினால் பெயர் வந்துவிடும் என்ற நினைப்போ என்னவோ! ஒரு நாள் கடைக்காரர், "என்ன தங்கச்சி, இந்த வாரமாச்சும் வந்திச்சா?" என்று கேட்டார். அன்றோடு கடைக்குப் போவதை நிறுத்திக்கொண்டேன். கதையை அனுப்பி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. "வெளியிட இயலவில்லை" என்று ஒரு வரிகூட வரவில்லை.

அப்படி ஒரு வரி வந்திருந்தால் ஒரு நாள் அழுதுவிட்டு வேறு கதை எழுதப் போயிருப்பேன். எதுவுமே வராததால், கதை மோசமா, அஞ்சலில் தொலைந்துவிட்டதா, இன்னும் படிக்கவே இல்லையா என்று மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எழுதத் தகுதியில்லாதவள் என்ற நான்காவது விடையையும் நானே சேர்த்துக்கொண்டேன். அந்த எட்டு மாதங்களில் வேறு எதுவும் எழுதவில்லை. இன்று நினைத்துப் பார்த்தால், கதை வராததைவிட அதுதான் பெரிய இழப்பு.

இத்தகைய காத்திருப்பு மலாக்காவுக்குப் புதிதன்று. 1950ஆம் ஆண்டுவாக்கில் ஒரு தோட்டத்து இளைஞர் கதை எழுதிக் கோலாலம்பூருக்கு அனுப்புவதை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரம் சீவி, பாலெடுத்து, காண்டாவில் வாளிகளைச் சுமந்து வந்து ஸ்டோரில் ஒப்படைத்த பிறகுதான் தாளும் பேனாவும். 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் நடப்பில் இருந்தது. ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் தோட்டங்களை இறுக்கியிருந்தன. 1953ஆம் ஆண்டு செப்டம்பரில்தான் மலாக்காவின் ஒரு பகுதி, அந்தக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்ட நாட்டின் முதல் 'வெள்ளைப் பகுதி' ஆனது. தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு முன்பு ஓடிய இரயில் பாதையையோ, ஜப்பானியர் போர்க்காலத்திலேயே பெயர்த்தெடுத்துச் சென்றுவிட்டனர். எனவே, இரயிலில் வருவது எதுவும் தம்பின் நிலையத்தோடு நின்று, அங்கிருந்து சாலை வழியாகத்தான் ஜாசினுக்கோ மெர்லிமாவுக்கோ வர வேண்டும். அப்படி வரும் கடிதமும் நேரே வீட்டுக்கு வராது. தோட்ட அலுவலகத்துக்குப் போய், கிராணியின் கையைக் கடந்து, பிறகே லயத்துக்கு வரும். திரும்பி வந்த கதை என்றால், அது திரும்பி வந்ததைத் தோட்டமே அறிந்துகொள்ளும். அக்காலத்து எழுத்தாளர் பலர் புனைபெயர் வைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அந்த 1950ஆம் ஆண்டில்தான் 'தமிழ் நேசன்' ஒரு புதுமை செய்தது. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டு, 2019வரை வெளிவந்த நாளேடு அது. சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் அந்த ஏட்டில் 'கதை வகுப்பு' என்ற பகுதியை நடத்தினர். வகுப்பறை இல்லை, கரும்பலகை இல்லை, ஏடுதான் வகுப்பு. சிறுகதை எப்படி அமைய வேண்டும் என்று பாடம் சொன்னார்கள். வாசகர்கள் பயிற்சிக் கதைகளை எழுதி அனுப்பினார்கள். அவற்றின் நிறைகுறைகள் எடுத்துக்காட்டப்பட்டன. மலேசியத் தமிழ்ச் சிறுகதை வரலாற்றைப் பேசுவோர் யாரும் இந்த வகுப்பைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது. அடுத்த தலைமுறை எழுத்தாளர் பலர் அதில் பயின்றவர்களே.

அதன் அருமையை எட்டு மாதம் கடை வாசலில் நின்ற எனக்கு நன்றாகவே தெரியும். 'கதை வகுப்பு' எல்லாக் கதைகளையும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால், ஏன் ஏற்கவில்லை என்று சொன்னது. தொடக்கம் நீளமா, பாத்திரம் பொய்யாகப் பேசுகிறதா, முடிவு முன்பே தெரிந்துவிடுகிறதா என்று காரணம் கிடைத்தவருக்கு அடுத்த கதையில் திருத்துவதற்கு ஏதாவது ஒன்று கையில் இருந்தது.

பிறகு 1952இல் தமிழ்நாட்டிலிருந்து கு. அழகிரிசாமி 'தமிழ் நேச'னில் பணியாற்ற வந்தார். கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இடைசெவலில் பிறந்தவர். 1957வரை மலாயாவில் இருந்தார். உள்ளூர் எழுத்தாளர்கள் கூடி ஒருவர் கதையை மற்றவர் விமர்சிக்கும் பழக்கத்தை வளர்த்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அவருடைய வாழ்க்கையிலும் ஒரு காத்திருப்பு இருக்கிறது. 'அன்பளிப்பு' என்ற தொகுப்புக்காக 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் காலமாகிவிட்டார். விருதைக் கையில் வாங்கவில்லை.

எல்லாருக்கும் ஒரு 'கதை வகுப்பு' கிடைத்துவிடுவதில்லை. காரணமே தெரியாமல் காத்திருந்தவர்களுள் உலகம் அறிந்த ஒருவர் ஆர்.கே. நாராயண். தமிழ்க் குடும்பத்தில் 1906ஆம் ஆண்டு சென்னையில் பிறந்து, மைசூரில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதியவர். சுவாமிநாதன் என்ற பள்ளிச் சிறுவனைப் பற்றித் தம் முதல் நாவலை எழுதி இலண்டன் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். கப்பலில் போகும்; பல வாரங்கள் கழித்துக் கப்பலிலேயே திரும்பி வரும். ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பகங்கள் மறுத்தன. கடைசியில் மனம் சலித்து, இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த தம் நண்பருக்கு, அந்தக் கையெழுத்துப் படியில் ஒரு கல்லைக் கட்டித் தேம்சு ஆற்றில் எறிந்துவிடும்படி எழுதினார்.

நண்பர் எறியவில்லை. எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் படித்துவிட்டுப் பரிந்துரைக்க, 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' நூலாக வந்தது. இக்கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். அடுத்து நடந்ததையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நூல் நன்றாக விற்கவில்லை. எனவே, அவருடைய இரண்டாவது நாவலை முதல் பதிப்பகம் ஏற்கவில்லை. அது 1937இல் வேறொரு பதிப்பகத்தில் வந்தது; மூன்றாவது நாவல் 1938இல் இன்னொரு பதிப்பகத்தில். ஒரு கதவு திறந்துவிட்டால் எல்லாக் கதவுகளும் திறந்துவிடும் என்பது உண்மையன்று. ஆனால், முதல் நூல் விலைபோகாத காலத்தில் அவர் இரண்டாவதை எழுதியிருந்தார். நான் எட்டு மாதம் செய்யாதது அதுதான்.

இனி, இதழாசிரியரின் மேசைப் பக்கம் சற்றுப் பார்ப்போம். ஓர் ஞாயிறு பதிப்பில் இரண்டு சிறுகதைகள் இடம்பெறுவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 104 கதைகளுக்குத்தான் இடம். வாரத்துக்கு ஐந்து கதைகள் வந்தாலே 260 ஆகிவிடும். எஞ்சிய 156 கதைகளும் மோசமானவை என்று யாராலும் சொல்ல முடியாது. சென்ற மாதம் இதேபோன்ற கதை வந்திருக்கலாம். ஒரு பக்கத்துக்குள் அடங்காமல் நீண்டிருக்கலாம். தீபாவளிக் கதையைத் தீபாவளி வாரத்தில் அனுப்பினால் அது வந்து சேரும்போதே பண்டிகை மலர் அச்சாகி முடிந்திருக்கும். இரண்டு மாதங்களுக்கு முன்பாவது அனுப்பியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட காரணங்களை யாரும் கடிதம் எழுதி விளக்கிக்கொண்டிருப்பதில்லை. அதற்கு நேரமும் இல்லை. பெரும்பாலான தமிழ் ஏடுகளில் ஆளும் இல்லை.

அக்காலத்தில் எழுதியவர்கள் தாள்களுக்கிடையே கார்பன் தாளை வைத்து ஒரு படியைத் தம்மிடம் வைத்துக்கொள்வார்கள். அஞ்சல் தலை ஒட்டிய, தம் முகவரி எழுதிய உறை ஒன்றையும் சேர்த்து அனுப்புவார்கள். எனக்கு இரண்டும் தெரியாது. நல்ல வேளையாக, முதலில் கிறுக்கிய பயிற்சிப் புத்தகம் மட்டும் என்னிடம் இருந்தது. இன்று நீங்கள் மின்னஞ்சலில் அனுப்புவதால் படி தொலைவதில்லை. ஆனால், அனுப்பிய மறுநொடியே பதிலை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். காத்திருப்பு முன்பைவிட நீளமாகத் தெரிகிறது. போட்டிகளுக்கு எழுதுவதில் ஒரு வசதி உண்டு: இறுதி நாள், முடிவு நாள் இரண்டும் முன்பே தெரிந்துவிடும். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டியும், அதிலிருந்து தொகுக்கப்படும் 'பேரவைக் கதைகள்' நூலும் பலருக்கு முதல் மேடையாக அமைந்திருக்கின்றன.

என் கதைக்கு வருகிறேன். ஒரு மாலையில் பாட்டி, "என்னத்தயோ எழுதி அனுப்புனியே பாப்பா, அத எனக்குப் படிச்சுக் காட்டேன்" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பயிற்சிப் புத்தகத்தை எடுத்து வந்து வாசித்தேன். முதல் பத்தி, கொட்டும் மழையில் நனைந்தபடி ஒரு பெண் மரம் சீவுகிறாள் என்று தொடங்கியது. நான் மிகவும் விரும்பி எழுதிய பத்தி அது. வகுப்பில் தோழிகள் கண் கலங்கியிருந்தார்கள்.

பாட்டி சிரித்துவிட்டார். "மழையில யாரும்மா மரம் சீவுவா? பட்ட ஈரமா இருந்தா பாலு கோட்டுல நிக்காம மரத்துமேல பூரா வழிஞ்சி ஓடிரும். மங்குல மழத்தண்ணிதான் நிக்கும்."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. "அப்படின்னா மழை நாள்ல என்ன செய்வீங்க பாட்டி?"

"என்ன செய்வோம்? உளியக் கையில வச்சிக்கிட்டு வாசல்ல ஒக்காந்து மானத்தப் பாப்போம். வெளுக்குமா, வெளுக்காதான்னு. மழ விடலன்னா வேல இல்ல. வேல இல்லன்னா அன்னிக்குச் சம்பளம் இல்ல. ஒங்கம்மாவுக்குப் பள்ளிக்கூடக் காசு கட்ட முடியாமப் போனது அப்படி ஒரு மாசத்துலதான்."

அம்மா பள்ளியைப் பாதியில் விட்டவர் என்பது எனக்குத் தெரியும். ஒரு மழை மாதத்தால் விட்டவர் என்பது தெரியாது. பாட்டியின் வீட்டிலேயே பதினாறு ஆண்டுகள் வளர்ந்தவள், அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் அவரைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தேன்.

அந்த இதழ் ஏன் என் கதையை வெளியிடவில்லை என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மழை காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால், எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அன்றிரவே புதிதாகத் தொடங்கினேன். வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும் ஒரு பெண்; அவளுக்குப் பின்னால் சீருடை அணிந்து புறப்படத் தயாராக நிற்கும் ஒரு சிறுமி. கதை பன்னிரண்டு பக்கத்திலிருந்து ஐந்து பக்கமாகக் குறைந்தது. இம்முறை வேறோர் இதழுக்கு அனுப்பினேன். படியும் எடுத்து வைத்தேன். அனுப்பிய மறுநாளே அடுத்த கதைக்காகப் பாட்டியிடம் கேள்வி கேட்க உட்கார்ந்துவிட்டேன். கடைக்கு மாதம் ஒருமுறை மட்டும் போனேன்.

பதினான்காவது வாரம் கதை வந்தது. முதல் இரண்டு பத்திகளை வெட்டியிருந்தார்கள். முதலில் கோபம் வந்தது. இரண்டு முறை படித்துப் பார்த்தபோது அவை இல்லாமலே கதை நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு ஓடிவந்து பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். இடையில் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் இதழை வாங்கி, கதைக்குப் போட்டிருந்த ஓவியத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"எல்லாம் சரிதான் பாப்பா" என்றார். "இது யாரு, மழையில நனைஞ்சிக்கிட்டு மரம் சீவறவ?"