ஊரைப் பார்த்துவிட்டு அரிதாரம் பூசு

அன்புள்ள தம்பி,

துரியோதனன் வேஷம் கட்டத் தொடங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். அடவையும் பாட்டையும் உன் வாத்தியார் பார்த்துக்கொள்வார். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். எந்த ஊரில் ஆடப்போகிறாயோ, அங்கே வெயில் தாழுமுன் போய்ச் சேர். ஏரிக்கரைமேல் ஏறி நட. மதகு எங்கே, கலங்கல் எங்கே, திரௌபதி அம்மன் கோயிலுக்கு எந்தப் பக்கம் களம் என்று பார்த்துவை. பிறகு அரிதாரம் பூசு.

செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்துப் பாரதக் கூத்து இந்த மண்ணின் நீர்க்கணக்கோடு வளர்ந்தது. சவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, கர்நாடகத்திலிருந்து வரும் பாலாற்றோடு திருமுக்கூடலில் கலக்கிறது. இரண்டிலும் ஆண்டில் பெரும்பகுதி மணல்தான் கண்ணில் படும். மழையை ஏரியில் தேக்கித்தான் வெள்ளாமை. அறுப்பு முடிந்து பங்குனி, சித்திரையில் நிலம் சும்மா கிடக்கும்போது ஊர் கொடியேற்றுகிறது. பகலில் பிரசங்கியார் வில்லி பாரதம் சொல்கிறார். இரவில் அந்தக் கதையை நீங்கள் ஆடுகிறீர்கள். அர்ச்சுனன் தபசுக்கு உயரமாக மரம் நடுகிறார்கள். கடைசி நாள் பதினெட்டாம் போருக்குப் படுகளம் போடுகிறார்கள்; வெட்டவெளியில் பல ஆள் நீளத்துக்கு மண்ணாலான துரியோதனன் மல்லாந்து கிடக்கிறான். குருட்சேத்திரம் அன்றைக்கு அந்த ஊரின் தரிசில்தான் இருக்கிறது.

சின்ன வயதில் கூத்துப் பார்க்கப் போன இடத்தில் நான் பாயில் தூங்கிப்போவேன். துகில் உரியும் கட்டம் வந்ததும் அம்மா தட்டி எழுப்புவாள். பாஞ்சாலி வேஷத்தைப் பார்த்துப் பெண்கள் கும்பிடுவார்கள். முகவீணை கேட்டால் இப்போதும் எனக்கு வைக்கோல் மணக்கிறது. உன் ஆயாவிடம் கேட்டுப் பார்; அவர் பிள்ளைப்பருவத்தில் படுகளம் போட்ட நிலம் இன்று மனைக்கல் நட்டுக் கிடக்கலாம். அதையும் தெரிந்துகொண்டு ஆடு.

சென்னை அரங்குக்குக் கூப்பிட்டால் தயங்காமல் போ. புரிசை நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து மனம் பறிகொடுத்தவர் ந. முத்துசாமி; 1977-இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறையால் நவீன நாடகத்துக்கு எவ்வளவோ கிடைத்தது. ஆனால் விடிய விடிய ஆடுவதை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கும்போது கட்டியக்காரன் பேச்சில் கை வைக்க விடாதே. உள்ளூர் ஏரியையும் வரப்புச் சண்டையையும் அத்தினாபுரத்துக்குள் கொண்டுவருகிறவன் அவன். அவன் வாயை அடைத்தால் கதை மிஞ்சும், ஊர் போய்விடும்.

வரும் சித்திரையில், படுகளத்துக்கு மண் குழைக்கும் இடத்துக்கு முன்கூட்டியே போ. ஊராரோடு சேர்ந்து நீயும் மண் மிதி. பீமன் துரத்த, அந்த உடம்பைச் சுற்றித்தான் நீ ஓடப்போகிறாய்.

அன்புடன்,
உன் அண்ணன்