நம்பிக்கைகளும் உண்மைகளும்: ‘கேஷ் எடுக்கறதில்ல’

திருவொற்றியூர் தேரடி மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடை. பெயர் வேண்டாம். முகத்துவாரக்குப்பத்து ஆயா ஒருவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திரும்பும் வழியில் அங்கே நுழைந்தோம். என் அம்மா காலத்திலிருந்தே எங்கள் வீட்டுக்கு மீன் கொடுப்பவர் அவர். காபிக்குத் தானே காசு கொடுப்பேன் என்று அடம்பிடித்து, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார். நான்காக மடித்த நூறு ரூபாய் நோட்டு. மடிப்பில் லேசான ஈரம். கல்லாவில் நின்ற பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: “ஆயா, இங்க கேஷ் எடுக்கறதில்ல. ஸ்கேன் மட்டும்தான்.”

ஆயாவின் முகம் மாறிவிட்டது. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: “இன்னா கண்ணு, மறுபடியும் செல்லாதுன்ட்டானுங்களா?”

2016 நவம்பர் 8 ராத்திரி அவருக்குள் இன்னும் இருக்கிறது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அன்று ஒரே அறிவிப்பில் செல்லாமல் போனது. அடுத்த மாதம் 12-ஆம் தேதி வர்தா புயல். கையில் செல்லும் நோட்டு இல்லை, ஏடிஎம்முக்குக் கரண்டு இல்லை. அந்த வாரத்தைப் பார்த்த ஒரு பெண்ணிடம் காசு வேண்டாம் என்று சொல்வது கடைக்காரர் நினைப்பதுபோல ஒரு சின்ன விஷயம் அல்ல. ஆயாவின் கேள்விக்கு அங்கேயே “இல்ல ஆயா, நோட்டு செல்லும்” என்று சொன்னேன். செல்லும் நோட்டை ஏன் வாங்கவில்லை என்பதைச் சொல்ல இந்தப் பத்தி தேவைப்படுகிறது. இதைச் சுற்றி இரண்டு பக்கமும் தப்பான நம்பிக்கைகள் மண்டிக் கிடக்கின்றன.

நம்பிக்கை: நோட்டையோ நாணயத்தையோ வாங்க மறுப்பது தேசத் துரோகம், போலீசில் சொன்னால் உள்ளே தள்ளிவிடுவார்கள்.

பத்து ரூபாய் நாணயம் கள்ள நாணயம் என்று வதந்தி பரவிய காலத்தில் இந்தப் பேச்சும் சேர்ந்து வந்தது. 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய் நாணயங்கள் அத்தனையும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் துரோகம் என்பதெல்லாம் கட்டிவிட்ட கதை. 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் 26-ஆம் பிரிவு, நோட்டு இந்தியாவில் எந்த இடத்திலும் செல்லும், அதற்கு மத்திய அரசு பொறுப்பு என்கிறது. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம், ஒரு ரூபாயும் அதற்கு மேலுமான நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குச் செல்லும் என்கிறது. கடைக்காரர் வாங்கியே தீரவேண்டும், வாங்காவிட்டால் இன்ன தண்டனை என்று அந்த 26-ஆம் பிரிவில் ஒரு வரி கிடையாது.

இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. சாப்பிட்டு முடித்த பிறகு பில் கொடுத்தால் நீங்கள் கடன்பட்டவர். அந்தக் கடனைத் தீர்க்க நோட்டை நீட்டும்போது “செல்லும்” என்ற சொல்லுக்கு முழு பலம் இருக்கிறது. வாசலிலேயே பலகை மாட்டி, முதலில் பணம் பிறகு காபி என்று நடத்தும் கடையில் இன்னும் கடனே பிறக்கவில்லை. கடைக்காரர் ஒளிந்துகொள்வது இந்தச் சந்தில்தான். இன்னொரு பக்கம் பாருங்கள். ஆண்டு வரவு 50 கோடியைத் தாண்டும் வணிகர்கள் மின்வழிப் பணம் வாங்க வசதி வைத்தே ஆகவேண்டும்; இல்லாவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று வருமான வரிச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். ஸ்கேன் செய்ய வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்பதற்குச் சட்டம் உண்டு. நோட்டோடு வந்தவருக்கு அப்படி ஒன்று இல்லை. அதுவும் வேண்டும் என்பதே என் கோரிக்கை. குறைந்தபட்சம் சாப்பாடு, மருந்து, மளிகை, பயணம் இவற்றிலாவது.

நம்பிக்கை: ரொக்கத்தின் காலம் முடிந்துவிட்டது.

2016 நவம்பரில் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு சுமார் 17.7 லட்சம் கோடி ரூபாய். 2024 மார்ச் இறுதியில் சுமார் 34.8 லட்சம் கோடி. இதே காலத்தில் யுபிஐ ஒரு மாதத்துக்கு ஆயிரம் கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியதும் உண்மை. 2023 ஆகஸ்டில் முதல் முறையாக அது நடந்தது. ஒன்று வளர்ந்தால் மற்றது சாகும் என்ற கணக்கு இந்த நாட்டில் பொருந்தவில்லை.

வெளிநாட்டைக் காட்டுவோருக்கும் ஒரு வார்த்தை. கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று பிலடெல்பியா 2019-லும், நியூயார்க் நகரம் 2020-லும் விதி போட்டன. எல்லாரும் உதாரணம் காட்டும் சுவீடனே, பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையை நிறுத்தக் கூடாது என்று சட்டம் செய்திருக்கிறது.

நம்பிக்கை: ரொக்கம் கேட்கிறவர் எதையோ மறைக்கிறவர்.

செல்லாது என்று அறிவித்த நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டது. ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கையே சொன்ன கணக்கு இது. மெத்தைக்கடியில் மூட்டை மூட்டையாகப் பதுக்கியது எரிந்து போகும் என்றார்கள். எரியவில்லை. சட்டமும் ரொக்கத்துக்கு எல்லைதான் போட்டிருக்கிறது: ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. நூறு ரூபாய்க் காபிக்கு அதில் வேலை இல்லை.

2025 ஜூலையில் பெங்களூரில் எதிர்த்திசையில் ஒன்று நடந்தது. யுபிஐ வரவை வைத்துச் சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போக, பல கடைகள் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டின. எல்லாரும் ஏய்ப்பவர்கள் என்று உடனே பேச்சு கிளம்பியது. பொருள் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் தாண்டினால்தான் பதிவே தேவை. ஐஸில் வைத்த பச்சை மீனுக்கும் காய்கறிக்கும் வரியே கிடையாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வந்த பயம் அது. மீன்காரப் பெண்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர் அந்தச் செய்தியைக் கேட்டு அட்டையை மடித்து உள்ளே வைத்தார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்: எடுத்து மாட்டுங்கள் அக்கா, மீன் விற்ற காசுக்கு ஜிஎஸ்டி இல்லை.

நம்பிக்கை: நெட் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பலாம், அப்புறம் என்ன கவலை?

பட்டன் போனிலிருந்து பணம் அனுப்ப 2022 மார்ச்சில் புதிய வசதி வந்தது உண்மை. அதற்கும் டவர் வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்தக் கரை கண்டது என்ன? வெள்ளம், அதோடு மணலிப் பக்கமிருந்து வந்து கழிமுகத்தில் படிந்த எண்ணெய். படகும் வலையும் கறுத்து, மீன் வாங்க ஆள் இல்லாமல், போனுக்குச் சார்ஜ் ஏற்ற வழியில்லாமல் குப்பங்கள் கிடந்தன. வீட்டுக்கு 6,000 ரூபாய் நிவாரணத்தை அரசு ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து ரொக்கமாகத்தான் தந்தது. புயலே இல்லாத நாளிலும் நாடு முழுக்க யுபிஐ படுத்தது உண்டு; 2025 மார்ச் 26, ஏப்ரல் 12.

நம்பிக்கை: குப்பத்து ஆயாக்களுக்குப் போன் தெரியாது, அதனால்தான் ரொக்கத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

எனக்கு ரொம்பக் கோபம் வரவைக்கும் நம்பிக்கை இது. காசிமேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்து பாருங்கள். மீன் வெட்டித் தரும் பலகைக்கு மேலே, குடைக் கம்பியில், க்யூஆர் அட்டை பாலித்தீன் உறைக்குள் தொங்குகிறது. செதில் ஒட்டிய கையால் தொடாமல் இருக்கவே அந்த உறை. பணம் வந்ததும் அதைச் சொல்லும் பெட்டி கத்துகிறது. கத்தியை நிறுத்தாமலே தலையாட்டுகிறார்கள். மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயும் மீன்பிடித் தடைக்கால நிவாரணமும் கணக்கில்தான் வருகின்றன. வங்கியும் போனும் இவர்களுக்குப் புதிதல்ல.

எங்கள் ஆயாவிடமும் அட்டை இருக்கிறது. ஆனால் அது பேரன் கணக்கு. அன்னக்கூடையில் மீன் விற்ற காசு பேரனின் போனில் போய் விழுகிறது. நல்ல பையன், பைசா குறைக்க மாட்டான். இருந்தும், தன் காசை ஆயா கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. சுருக்குப் பையில் இருந்தபோது யாரையும் கேட்டதில்லை.

அடுத்து, வரவு போனில் வந்தாலும் செலவு நோட்டில்தான் போகிறது. ஆயா மீன் எடுக்கும் ஏலத்தில் கையில் காசு. ஷேர் ஆட்டோவுக்குக் காசு. ஐஸுக்குக் காசு. தண்டல்காரருக்கு நாள் தவறாமல் காசு: பத்தாயிரம் என்று பேசி ஒன்பதாயிரம் கையில் கொடுத்து, நாளுக்கு நூறாக நூறு நாள் வசூலிக்கும் கடன் அது. யுபிஐ வாங்கும் வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2020 ஜனவரி 1 முதல் விதி இருக்கிறது. அதனால் யாருக்கும் செலவே இல்லை என்கிறார்கள். கத்துகிற பெட்டிக்கு மாத வாடகை உண்டு. போனில் விழுந்ததை நோட்டாக்க ஏடிஎம் போகவேண்டும். மாதத்தில் சொந்த வங்கியில் ஐந்து முறையும் பெருநகரத்தில் பிற வங்கியில் மூன்று முறையும் இலவசம், பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம். தினமும் ஏலம் எடுக்கிறவருக்கு இலவசம் இரண்டு வாரம் தாங்காது.

பெரும்பாலான ஏடிஎம்களில் 100 அல்லது 200 நோட்டும் கிடைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. பேரன் போகும் மிஷினில் இன்னும் ஐநூறுதான் அதிகம் வருகிறது. விடியற்காலை இரண்டு மணி ஏலத்தில் அதற்குச் சில்லறை கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் முதல் நாள் பொழுது சாயும்போதே ஆயா தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போய், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, அந்த ஐநூறுகளை நூறாக மாற்றி நான்காக மடித்து வைத்துக்கொள்கிறார்.